கேளுங்கள் சொல்கிறோம்: மலையில் குளிர் அறை, மச்சானோடு கூட்டு

கேள்வி: கேமரன் மலையில் என் மச்சான் காய்கறிக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்டப்போகிறார், என்னையும் கூட்டுச் சேரச் சொல்கிறார். பணம் போடலாமா?
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மச்சான் நல்லவராகவே இருக்கட்டும், அந்த அறையில் எதை வைக்கப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். இந்தியாவில் உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் பக்கம் கிடங்குகள் பெரும்பாலும் உருளைக்கிழங்கை நம்பித்தான் ஓடுகின்றன, பிப்ரவரி, மார்ச்சில் தோண்டியதை மாதக்கணக்கில் வைத்து வாடகை வாங்கலாம். அங்கேயே விலை விழுந்துவிட்டால் விவசாயி மூட்டையை எடுக்க வரமாட்டார், வாடகையும் போய் அழுகலை அள்ளிக்கொட்டும் செலவும் முதலாளி தலையில். கேமரனிலோ ஆண்டு முழுக்க அறுவடை, பறித்த சாலட் இலை சுடச்சுட லோரி ஏறி செலாயாங் மொத்தச் சந்தைக்கு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் யார் வைக்கப்போகிறார்கள்?

அப்புறம், ஒரே அறை போதும் என்றால் நம்பாதீர்கள். முட்டைகோசுக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் ருசி போய், தோலில் குழி விழுந்து, வெளியே எடுத்ததும் அழுகத் தொடங்கும். பழுக்கிற தக்காளி விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் கோசின் இலையை வேறு மஞ்சளாக்கும். மின்கட்டணம் தனிக்கதை, அறை பாதி காலியாக இருந்தாலும் கம்ப்ரஸர் ஓடித்தான் ஆகவேண்டும்.

பறித்த காய்கறியில் தங்கிய தோட்டத்துச் சூட்டைத் தணித்து ஓர் இரவு வைத்து அனுப்பும் சின்ன அறை என்றால் சரி, யோசிக்கலாம், அதுவும் இரண்டு மொத்த வியாபாரிகளாவது எழுத்தில் உறுதி கொடுத்த பிறகு.