சின்ன ரைஃபிளுக்கு எந்த ஸ்டாக் வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிறிய ஆக்‌ஷன் (போல்ட், அதாவது தோட்டாவைக் கையால் ஏற்றிப் பூட்டும் உருளை, ஓடும் உலோக உடல்) ஒன்றை வாங்கி .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு எனக்கென்று ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் செய்துகொண்டிருக்கிறேன். பேரல் 20 அங்குலம், நடுத்தரக் கனம். கூடவே வந்த பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் சாய்த்துப் பிடிக்கும் அடிக்கட்டை) பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். லேமினேட், ஃபைபர் கிளாஸ், கார்பன், அலுமினிய சேஸி (உலோகச் சட்டம்) என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றுகிறது. விற்பவர் "ஷார்ட் ஆக்‌ஷன் எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்கிறார். எதை எடுப்பது?

பதில்: மரமா கார்பனா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற பேச்சை மறந்துவிடுங்கள். ஷார்ட் ஆக்‌ஷன் என்பது .308 அளவுத் தோட்டாவை மனதில் வைத்துச் சொல்லும் பொதுவான பெயர். .223-க்கென்றே குறுக்கிச் செய்த ஆக்‌ஷன்கள் அதைவிடச் சின்னவை. ஹோவா மினியை எடுத்துக்கொள்ளுங்கள், அதே ஹோவா 1500 ஷார்ட் ஆக்‌ஷனுக்குச் செய்த ஸ்டாக்கில் அது உட்காராது. சீஇசட் 527-க்கு அதற்கென்று செய்ததுதான். ரெமிங்டன் மாடல் செவன்கூட, 700 ஷார்ட் ஆக்‌ஷனின் தம்பி மாதிரி தெரிந்தாலும் பின்பக்கம் குட்டை, ஸ்டாக்கை மாற்றிப் போட முடியாது. சாவேஜ் ஷார்ட் ஆக்‌ஷனில் ஒரே பெயருக்குள்ளேயே ஸ்டாக்கில் பூட்டும் திருகுகளின் இடைவெளி 4.275 அங்குலமும் உண்டு, 4.4 அங்குலமும் உண்டு. மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் வித்தியாசம்தான், ஆனால் திருகு இறங்காது.

உங்கள் ஆக்‌ஷன் எது என்று எழுதவில்லை. ரெமிங்டன் 700 அமைப்பில் செய்த தனிப்பயன் ஆக்‌ஷன் என்றால் யோகம்தான், சந்தையில் ஏராளமான ஸ்டாக்குகள் அதற்காகவே செய்தவை. ஆனாலும் அங்கேயும் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, போல்ட்டை விடுவிக்கும் பொத்தான்: அசல் 700-இல் அது டிரிக்கருக்கு முன்னால் இருக்கும், பல தனிப்பயன் ஆக்‌ஷன்களில் இடது பக்கவாட்டில் இருக்கும், அதற்கு ஸ்டாக்கில் ஒரு வெட்டு வேண்டும். இரண்டு, ரீகாயில் லக், அதாவது உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோகத் துண்டு: அசல் 700-இல் அதன் தடிமன் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தனியாக வாங்கிப் போடும் லக் பெரும்பாலும் கால் அங்குலம், அதற்கு மேலும் உண்டு. ஸ்டாக்கில் உள்ள பள்ளம் பழைய அளவுக்கு வெட்டியிருந்தால் ஆக்‌ஷன் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், சிலர் திருகை முறுக்கி அமுக்கப் பார்ப்பார்கள், அப்படித்தான் நல்ல ஸ்டாக் பிளக்கிறது. மூன்று, போல்ட் கைப்பிடி இறங்கும் வெட்டு. கைப்பிடி ஸ்டாக்கில் இடித்தால் போல்ட் முழுதாகப் பூட்டாது, இதை அலட்சியம் செய்யவே கூடாது.

டிக்கா டி3 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ரீகாயில் லக் ஆக்‌ஷனோடு சேர்ந்ததில்லை, தனித் துண்டாக ஸ்டாக்கில் உட்கார்ந்திருக்கும். பழைய ஸ்டாக்கை விற்கும்போது லக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தேடாதீர்கள்.

அடுத்தது பேரல். நடுத்தரக் கனம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, லக்கிலிருந்து ஸ்டாக்கின் முன்முனை வரை விட்டம் எப்படிக் குறைந்துகொண்டு போகிறது என்று அளந்து சொல்லுங்கள். மெல்லிய பேரலுக்கான பள்ளத்தை யாரும் சுரண்டி அகலப்படுத்திக்கொள்ளலாம், அதிகமாகச் சுரண்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. மேகசினும் (தோட்டாப் பெட்டி) அப்படியே: அடிப்பக்கத் தகடும் மேகசினும் உங்களிடம் இருப்பதே போதுமா, வேறு வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டாக் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் பலர் அப்புறம் அடித்தகடு, திருகுகள், துப்பாக்கி மெக்கானிக்கின் கூலி என்று இன்னொரு ஸ்டாக் விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது பொருள். .223-இன் உதைப்பு ஒன்றும் பெரிதில்லை, எந்தப் பொருளும் தாங்கும். ஆகவே உங்களுக்கு எடையும் சமநிலையும்தான் கணக்கு. லேமினேட் என்பது மெல்லிய மரத் தகடுகளைப் பிசினோடு அழுத்திச் செய்தது, ஈரத்துக்கு எளிதில் வளையாது, விலையும் கட்டுப்படியாகும், ஆனால் கனம், பல லேமினேட் ஸ்டாக்குகள் ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். வால்நட் அதைவிட லேசு, பார்க்கவும் அழகு, ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் அசையும். கையால் இழை அடுக்கிச் செய்த ஃபைபர் கிளாஸ் இரண்டுக்கும் நடுவில் நிம்மதியான இடம். கார்பன் ஒரு கிலோவுக்கு நன்றாகக் கீழே இறங்கும், பணத்தைத்தான் மேலே ஏற்றும். அலுமினிய சேஸி ஆக்‌ஷனை உறுதியாகப் பிடிக்கும், மேசையில் வைத்துச் சுட அருமை, ஆனால் சின்ன ஆக்‌ஷனைத் தேடி வாங்கிவிட்டு அதற்குக் கீழே ஒன்றரை இரண்டு கிலோ உலோகச்சட்டை மாட்டுவது எனக்குப் புரிவதே இல்லை. நடந்து திரியும் ரைஃபிள் என்றால் ஃபைபர் கிளாஸ், ஒரே இடத்தில் இருந்து சுடுவது என்றால் லேமினேட். கட்டைவிரலுக்கு ஓட்டை போட்ட ஸ்டாக் பக்கம் போகாதீர்கள், ஒவ்வொரு முறை போல்ட் இழுக்கும்போதும் விரலை உருவி நுழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் குட்டையான கை. என் பதின்ம வயது மகளும் என் மேற்பார்வையில் அதே ரைஃபிளில் பயிற்சி எடுப்பாள். நீளத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: டிரிக்கரிலிருந்து பின்முனை வரை உள்ள நீளம், பெரியவர்களுக்கான தொழிற்சாலை ஸ்டாக்குகளில் வழக்கமாக 13.5 அங்குலத்தை ஒட்டி வரும். இளையவர்களுக்கானது 12 முதல் 12.5. முழங்கை மடிப்பில் பின்முனையை வைத்து விரல் டிரிக்கரை எட்டுகிறதா என்று பார்ப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் அது கழுத்தையும் கன்னத்தையும் கணக்கில் எடுக்காது. இப்படிச் செய்யுங்கள்: ரைஃபிள் காலியாக இருப்பதைத் தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாயுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கறுப்பு விளிம்பு மேலோ கீழோ தெரிந்தால் கன்னம் படும் இடத்தின் உயரம் சரியில்லை, சுற்றிலும் தெரிந்தால் தூரம் சரியில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் ஸ்டாக் உங்களுக்கு அதிக நீளம். குளிருக்குக் கனமான மேலாடை போட்டுச் சுடுபவர் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள்.

இரண்டு பேர் பயன்படுத்துவதால் பின்முனையில் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளம் மாற்றும் ஸ்டாக் வாங்குங்கள், அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை. கன்னத்துண்டும் ஏறி இறங்குவதாக இருந்தால் அதை மேலே ஏற்றிய நிலையில் போல்ட்டைப் பின்னால் முழுதாக உருவிப் பாருங்கள். இடித்தால், சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கன்னத்துண்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: "அப்படியே போட்டுத் திருகினால் போதும்" என்று விளம்பரம். எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பசை) வேலை உண்மையிலேயே தேவையில்லையா?

பதில்: போட்டுத் திருகி, சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆக்‌ஷனை ஸ்டாக்கில் பூட்டியபின், ஒரு கையின் விரல்களைப் பேரலும் ஸ்டாக்கின் முன்முனையும் சேரும் இடத்தில் இரண்டிலும் படும்படி வைத்துக்கொண்டு, மறு கையால் முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கடியில் பேரல் எழும்புவது தெரிந்தால், இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இருந்தால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைவு வரக்கூடாது என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. வந்தால் எபாக்சி ஊற்றி ஆக்‌ஷனுக்கு அச்சுப் படுக்கை எடுக்க வேண்டும், பெடிங் என்பார்கள். அதைச் செய்பவர் லக்கின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகியவற்றில் டேப் ஒட்டிவிட்டுப் பின்முகம் மட்டும் எபாக்சியில் படும்படி விடுகிறாரா என்று பாருங்கள். அச்சில் வார்த்த மலிவு பிளாஸ்டிக்கில் எபாக்சி சரியாக ஒட்டாது, துளை போட்டுப் பிடிமானம் செய்ய வேண்டும், அதற்குப் பதில் நல்ல ஸ்டாக்காகவே வாங்கிவிடலாம்.

திருகை இறுக்குவதிலும் கைக்கணக்கு வேண்டாம். உள்ளே அலுமினியக் கட்டை அல்லது திருகு நுழையும் உலோகத் தூண் உள்ள ஸ்டாக்கில் 65 அங்குல-பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகலாம், தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. தூண் இல்லாத மரத்தில் அவ்வளவு இறுக்கினால் மரம் நசுங்கும்.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தர முடியுமா? பழையது வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் அளவுக்கு வெட்டச் சொன்ன ஸ்டாக்கை பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள், பாதி வெட்டிய ஸ்டாக்கில் நீங்கள் உளியை வைத்த நிமிடமே அது உங்களுடையது. அதனால் ஆக்‌ஷன் பெயர், லக் தடிமன், போல்ட் பொத்தான் எந்தப் பக்கம், பேரல் விட்டங்கள், வலக்கையா இடக்கையா, மேகசின் வகை இவ்வளவையும் எழுத்தில் அனுப்பி, "இதற்குப் பொருந்தும்" என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது எதற்கும் உதவாது. ஆர்டர் எடுத்துச் செய்பவர்களிடம் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், முன்பணம் திரும்ப வருமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மடக்கும் ஸ்டாக்குக்கும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கும் சில நாடுகளில் தனி விதி உண்டு, உங்கள் உரிமம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பழையதில் லக் உட்காரும் பள்ளத்தின் பின்சுவரையும், ஆக்‌ஷனின் வால் உட்காரும் இடத்தையும் விளக்கு வைத்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். மர ஸ்டாக் என்றால் பின்முனை ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், அங்கே பூச்சு இல்லாமல் வெறும் மரமாக விட்டிருந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கும். முன்பக்கத்தைப் பேரலோடு சேர்த்துக் கையால் அழுத்துங்கள், சுலபமாகத் தொட்டுவிட்டால் இருகால் தாங்கி மாட்டும்போதும் தொடும். பேரல் பள்ளம் அகலமாக இருப்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், அது பார்வைக்குத்தான் குறை, பேரம் பேச நல்ல காரணமும்கூட.