வாசலில் படுக்கும் தம்பி

கேள்வி: எனக்கு வயது 26. வேளச்சேரியில் அப்பா, அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் தம்பியோடு இருக்கிறேன். ஒருத்தரை இன்று தெய்வம் என்பேன். நாளைக்கு அவர் போனை எடுக்காவிட்டால் துரோகி என்று கத்துவேன். என்னையே காயப்படுத்திக்கொண்டதும் உண்டு. இது பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்று யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போகலாமா? வரன் பார்க்கும் நேரத்தில் பெயர் கெட்டுவிடும், கல்யாணமானால் சரியாகும் என்கிறார் அம்மா. தம்பி இப்போதெல்லாம் என் அறை வாசலில்தான் பாய் போட்டுப் படுக்கிறான்.
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: என் மகள் வயது உனக்கு. நீ என்றே எழுதுகிறேன்.

தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பையன், ஃபேன் காற்றுகூட எட்டாத இடத்தில், கதவுக்குக் குறுக்கே ஏன் படுக்கிறான்? ராத்திரி உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துகொள்ளத்தான். உனக்கு உடம்பு சரியில்லை என்பதை அந்த வீட்டில் ஒத்துக்கொண்டவன் அவன் ஒருவன். பெற்றவர்கள் கட்டிலில் தூங்க, பிள்ளை காவல் இருக்கிறான்! அவர்கள்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவனுக்குப் பாரமாகிவிட்டேன் என்று நீ குமைய வேண்டாம். ஆனால் 'உள்ளே போய்ப் படுடா' என்று அவனை அனுப்பிவைக்கிற நாள் வர வேண்டும். அதற்குத்தான் வைத்தியம்.

போகலாமா என்று இனி கேட்காதே. இந்த வாரமே போ. நோயின் பெயரை நீயே முடிவு செய்யாதே. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்கிறதா, எத்தனை காலமாக இருக்கிறது என்று விசாரித்துத்தான் டாக்டர் சொல்வார். மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறுகிற பைபோலார் நோயாக இருந்தால் வைத்தியமே வேறு. நீ நினைப்பதுதான் என்றால், அதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சைதான் முக்கியம். அதில் ஒன்று டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தருவது. வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், தானே 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். 2011-ல் அதை ஊரறியச் சொன்னார்.

'கீழ்ப்பாக்கமா?' என்று அம்மா பதறுவார். 1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அது. அந்தப் பெயரை வசவாக்கியது நாம்தான். அங்கே ஓ.பி.யில் காட்டு, இல்லை வேறு நல்ல சைக்யாட்ரிஸ்டிடம் போ. உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் வருட மனநலச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் நீயே சொல்லிவிட வேண்டும். மறைத்து நடத்தும் கல்யாணத்தில் எனக்குச் சம்மதமில்லை. இப்போதைக்கு வரன் பார்ப்பதை நிறுத்தச் சொல். கல்யாணத்தால் இது சரியாகாது. வாசலில் படுக்கிற ஆள்தான் மாறுவான்.

ராத்திரி மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கையோடு அப்பாவையும் எழுப்பு.

டாக்டரிடம் போகும்போதும் துணைக்கு அப்பாவைக் கூப்பிடு. தம்பி வேண்டாம். அவன் படிக்கட்டும்.