மைத்துனரின் ஆமைப் பண்ணைக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மனைவியின் தம்பி மலேசியாவின் ஜொகூரில், குளாய்ப் பக்கம் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரையாமையின் இரண்டு குட்டிகளை வாங்கினார். இப்போது இரண்டும் பெரிய சோற்றுச் சட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டன. போன வருடம் பெட்டை மண்ணைத் தோண்டி இருபதுக்கு மேல் முட்டை இட்டது; எல்லாம் கெட்டுப்போயின. அடுத்த முறை இன்குபேட்டரில் வைத்துப் பொரித்து விற்கலாம், நீங்கள் ஐயாயிரம் வெள்ளி போடுங்கள், லாபத்தில் பாதி என்கிறார். "அழிந்துவரும் இனம், பெருக்கினால் புண்ணியம்" என்றும் சொல்கிறார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன் முதல் குட்டி தனக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சிங்கப்பூரில், யீஷூன் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு குட்டி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார் மைத்துனர். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார் என் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

– யீஷூன் வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மகன் கேட்பதை முதலில் முடித்துவிடுவோம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் வீட்டுப் பிராணியாக வளர்க்க அனுமதிக்கப்பட்டவற்றில் சல்காட்டா இல்லை. நட்சத்திர ஆமை, அல்டாப்ரா ஆமை எதுவும் இல்லை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாக ஒரு குட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும் அது கடத்தல்தான். உரிய அனுமதிச் சீட்டில்லாமல் சைட்டிஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள விலங்கைக் கொண்டுவந்தால் அபராதம் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும், சிறையும் உண்டு. "யாருக்குத் தெரியப்போகிறது" என்ற சொல்லைப் பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள். அந்தக் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவும் தயங்குவீர்கள். ஒளித்து வளர்க்கும் பிராணிக்கு நேரும் முதல் கொடுமை அதுதான்.

இப்போது மைத்துனர் விஷயம். இங்கேதான் என் மனம் கனக்கிறது, ஏனென்றால் அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

முட்டையிலிருந்து வரும் சல்காட்டாக் குட்டி உள்ளங்கையில் அடங்கும். எடை முப்பது கிராம், நாற்பது கிராம். உலகத் தரையாமைகளில் கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்த பெரிய இனம் இது. ஆண் ஐம்பது கிலோவை எட்டுவது சாதாரணம், அதையும் தாண்டுபவை உண்டு. ஆயுள் எழுபது ஆண்டும் அதற்கு மேலும் போகும். வாங்குபவர் முப்பது வயதுக்காரர் என்றால், அவர் காலத்துக்குப் பின்னும் அது புல் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு பெட்டை ஒரு தடவைக்குப் பதினைந்து முதல் முப்பது முட்டை வரை இடும். ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவையும் இடும். ஆண்டுக்கு நாற்பது குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தே ஆண்டில் நானூறு. அந்த நானூறு பேரையும் எழுபது ஆண்டுக்கு வைத்துக்கொள்ள நானூறு தோட்டம் வேண்டும். உங்கள் மைத்துனருக்குத் தெரிந்த தோட்டம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

குட்டியை விற்கும்போது யாரும் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. பத்து மாடிக் கட்டடத்தில் இருப்பவரும் வாங்குவார். பத்துப் பதினைந்து ஆண்டில் ஒரே ஆளால் தூக்க முடியாமல் போகும்போதுதான் அவருக்குப் புரியும். அப்போது எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது, ஏனென்றால் எல்லாருக்கும் வேண்டியது குட்டிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெரிய ஆமை, ஓட்டின் பின் ஓரத்தில் துளை போட்டுச் சங்கிலியால் தூணில் கட்டியிருந்தார்கள். "நகம் மாதிரிதான், வலிக்காது" என்றார் அந்த வீட்டுக்காரர். ஓட்டின் மேல் தோல் நகத்தைப் போன்றதுதான். ஆனால் அதற்கடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒட்டி வளர்ந்தது, இரத்தமும் நரம்பும் ஓடுவது. அது சங்கிலி இழுக்கும் எல்லை வரை நடந்து, திரும்பி, மீண்டும் நடந்தது. தரையில் அரை வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. அந்த மனிதரும் யாரோ ஒருவரிடம் சின்னக் குட்டியாகத்தான் வாங்கியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைப் பொரித்து விற்றவரை நினைத்துத்தான் அதிகம் கோபம் வந்தது.

"அழிந்துவரும் இனம்" என்று மைத்துனர் சொல்வது பொய்யல்ல. சஹாராவின் தென் விளிம்பில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை வாழும் இந்த ஆமை, காட்டில் குறைந்துகொண்டே வருகிறது. மேய்ச்சல், காட்டுத்தீ, வளர்ப்புக்குப் பிடித்தல் என்று காரணங்கள் பல. காட்டில் பிடித்தவற்றை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யும் ஒதுக்கீட்டை 2000ஆம் ஆண்டு சைட்டிஸ் பூஜ்யமாக்கியது. ஆனால் குளாயில் பொரித்த குட்டி ஒன்றுகூட செனகல் மண்ணை மிதிக்கப்போவதில்லை. எந்த வட்டாரத்தின் வம்சம் என்று தெரியாது, என்ன நோயைச் சுமக்கிறது என்று தெரியாது. அதைக் காட்டில் விட எந்த அறிஞரும் சம்மதிக்க மாட்டார். தோட்டங்களில் சல்காட்டாவுக்குப் பஞ்சமும் இல்லை.

இனத்தைக் காக்கும் இனப்பெருக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் எஸ்பஞோலா என்ற தீவு. அங்கே ராட்சத ஆமைகளில் மிஞ்சியவை பன்னிரண்டு பெட்டை, இரண்டு ஆண். 1960களிலும் 70களிலும் அவற்றைப் பிடித்து சாண்டா குரூஸ் தீவில் வைத்து வளர்த்தார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குத் தோட்டத்திலிருந்த டியேகோ என்ற ஆணையும் வரவழைத்துச் சேர்த்தார்கள். தீவைத் தின்று தீர்த்த ஆடுகளை அகற்றினார்கள். குட்டிகளைக் கொண்டுபோய் விட்டார்கள், ஏறத்தாழ 2,000 குட்டிகள். 2020இல் வேலை முடிந்தது என்று அறிவித்து, டியேகோ உட்பட அந்தப் பதினைந்து கிழடுகளையும் அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். போக ஒரு தீவு காத்திருந்தது. ஒன்றைக்கூட யாரும் விலைக்கு வாங்கவில்லை.

ஆகவே பணம் போடாதீர்கள். உறவு முறியாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் கவலை என்று நினைக்கிறேன். "லாபம் வராது" என்று சாக்குச் சொல்லாதீர்கள். வந்தாலும் வரும், அப்போது என்ன சொல்வீர்கள்? "மச்சான், பொரித்த பிறகு அது போகும் வீட்டுக்கு நாம் பொறுப்பு, அந்தப் பொறுப்பை என்னால் ஏற்க முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்க மனமிருந்தால், இருக்கும் இரண்டு ஆமைக்கும் கொடுங்கள். அவற்றுக்கு இன்னும் அறுபது ஆண்டுச் செலவு இருக்கிறது.

அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய சிலவற்றை எழுதுகிறேன். முட்டை இடுவதை நிறுத்த முடியாது. ஆண் இல்லாவிட்டாலும் பெட்டை இடும். தோண்டுவதற்கு மண் கிடைக்காமல் முட்டையை உள்ளே அடக்கிவைத்தால் அதன் உயிருக்கே ஆபத்து. எனவே இடம் கொடுங்கள், இட்டதும் அன்றைக்கே எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். கரு வளரத் தொடங்குமுன் செய்துவிட்டால் அதில் கொடுமை ஏதுமில்லை. ஆண் விடாமல் துரத்தி மோதினால் பெட்டைக்குக் காயம் படும், சாப்பாடும் குறையும். இரண்டையும் பிரித்து வைக்கத் தனி இடம் வேண்டும். வேலிக்குக் கம்பி வலை உதவாது. அந்தப் பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கம் போகத்தான் முட்டும். மறுபக்கம் தெரியாத திடமான சுவர், அதுவும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவை வளை தோண்டும் பிராணிகள். வறண்ட நாட்டு ஆமைக்கு ஜொகூரின் வருடக்கடைசி மழை ஆகாது. ஈரமில்லாத, காற்றடிக்காத கொட்டகை இல்லாவிட்டால் மூக்கொழுகும், நுரையீரல் கெடும். சாப்பாடு புல்லும் காய்ந்த புல்லும்தான். செம்பருத்தி இலை, மல்பெரி இலை கொடுக்கலாம். சோறு, ரொட்டி, பூனைத் தீனி வேண்டாம். பழமும் வேண்டாம், வயிறு கெடும். அதோடு, இந்த இரண்டுக்கும் உரிமம் தேவையா, இருக்கிறதா என்று மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டு எழுத்தில் வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது எல்லாவற்றையும்விட முக்கியம். மைத்துனருக்குப் பிறகு யார்? செயின்ட் ஹெலினா தீவில் ஜொனாதன் என்ற ராட்சத ஆமை 1882இல் போய்ச் சேர்ந்தது. பிறந்தது 1832 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். அது இத்தனை காலம் நிம்மதியாக வாழ்வதற்குக் காரணம், அதன் வீடு ஆளுநர் மாளிகைத் தோட்டமாக இருப்பது. ஆளுநர்கள் மாறினாலும் மாளிகை இருக்கிறது. உங்கள் மைத்துனர் வீட்டில் அந்த மாளிகை யார்? அவர் பிள்ளைகளிடம் இப்போதே பேசி, பெயரை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

டெலிகிராமில் நட்சத்திர ஆமை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதற்கும் காது கொடுக்காதீர்கள். அவை பெரும்பாலும் இந்தியாவில் நம் ஊர்ப் பக்கத்துப் புதர்க்காடுகளிலிருந்து துணிப் பையில் சுற்றி, சென்னை போன்ற விமான நிலையங்கள் வழியாகக் கடத்தப்படுபவை. 2019இல் சைட்டிஸ் அவற்றை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு, சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகாவுக்குத் திரும்பிப் போயின. அப்படித் திரும்பும் பாக்கியம் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. யாரிடமாவது இருப்பது தெரிந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள். நீர்த்தேக்கத்திலோ பூங்காவிலோ மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம், ஆமைக்கும் தண்டனை.

உங்கள் அம்மாவின் பழமொழிக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு ஆமையால் கெடுதல் வருமென்று நான் நம்பவில்லை, அவ்வளவுதான். வீட்டால் ஆமைக்கு வரும் கெடுதலைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மகனை ஏமாற்றமடைய விடாதீர்கள். மண்டாய் விலங்குத் தோட்டத்தில் அல்டாப்ரா ஆமைகள் இருக்கின்றன, அவற்றின் அருகே நின்று, "இதை நம் வீட்டு மின்தூக்கியில் எப்படி ஏற்றுவாய்?" என்று கேளுங்கள், அவனே யோசிப்பான். அதற்குப் பதிலாகக் கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமையை வாங்கித் தரலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதுவும் காசளவில் வந்து தட்டளவாக வளரும், முப்பது ஆண்டு இருக்கும். நீங்கள் முப்பது ஆண்டு தொட்டி கழுவத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். என்னைக் கேட்டால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளாய்க்கு அழைத்துப் போங்கள். மாமா வீட்டு ஆமைகள் இரண்டுக்கும் அவனே பெயர் வைக்கட்டும், எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும், செம்பருத்தி இலை பறித்துப் போடட்டும். தொட்டுவிட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.