வாசகர் கேள்விகள்: கோயில் கொடையில் பாட்டுக் கச்சேரி

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருடமும் இளையராஜா பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். ஒரிஜினல் பாட்டே செல்போனில் இருக்கிறது, அதை வேறு யாரோ பாட, போய்க் கேட்க என்ன இருக்கிறது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நிறைய இருக்கிறது, போய் உட்காருங்கள். பாடுகிறவரை மட்டும் பார்த்தால் எஸ்.பி.பி. மாதிரி வரவில்லையே என்றுதான் தோன்றும். பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் ஒரு இசை வருகிறதே, அதைக் கவனியுங்கள். ஸ்டூடியோவில் வயலின்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து வாசித்ததை இங்கே ஒரே கீபோர்டுக்காரர் இரண்டு கையிலும் சமாளிப்பார், நடுவில் நிஜமான புல்லாங்குழல் வந்துவிட்டால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கிவிடும்.

போன வருடம் ஒரு கொடையில் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தபேலாக்காரர் விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். பாடகியின் பாட்டு நோட்டு காற்றில் புரளாமல் இருக்கத் துணி கிளிப் மாட்டியிருந்தது. அவர் சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார், உடனே தபேலாக்காரர் அவர் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு சுற்று வாசித்து, தலையை ஆட்டி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. முன்பே பதிவுசெய்த இசையை, அதாவது ட்ராக்கை, போட்டுப் பாடினால் இது நடக்காது, ட்ராக் யாருக்காகவும் நிற்காது. அதனால் விழாக் கமிட்டியில் தெரிந்தவர் இருந்தால், ஆட்கள் குறைந்தாலும் பரவாயில்லை, வாசிக்கிற குழுவையே கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள்.

இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறியவர், சென்னைக்கு வந்த பிறகு எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவிலும் வாசித்தார். அவர் இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-ல், அதெல்லாம் நடந்த அப்புறம்தான்.

கேள்வி: முன்வரிசையில் உட்கார்ந்தால் காது அடைக்கிறது. எங்கே உட்காரலாம்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக வேண்டவே வேண்டாம், குழந்தைகளோடு போனால் கட்டாயம் வேண்டாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியை வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள், அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் சத்தத்தைச் சரிசெய்கிறார், அவர் பக்கத்தில் நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். பிடித்த பாட்டுக்குச் சீட்டு கொடுப்பதாக இருந்தால் முதல் வரியோடு படத்தின் பெயரையும் எழுதி, ஒன்பது மணிக்குள் கொடுத்துவிடுங்கள். அரசு தனியாகத் தளர்வு தராத நாளில் பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும்.