எக்கானமியில் பறந்தே கோல்டு கார்டு வாங்க முடியுமா?

விமானப் பயணம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளம். மற்ற பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான் நிற்கின்றன என்பதால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. வருடத்துக்கு ஐந்து முறை சிங்கப்பூர், ஒரு முறை சான் பிரான்சிஸ்கோ என்று ஆபீஸிலிருந்து அனுப்புகிறார்கள். எப்போதும் எக்கானமிதான். கூட வரும் சீனியரும் எக்கானமியில்தான் உட்காருகிறார். ஆனால் ஏர்லைன்ஸ் தந்த கோல்டு கார்டைக் காட்டி ஏர்போர்ட்டில் லவுஞ்சுக்கு, அதாவது தனி ஓய்வறைக்குப் போகிறார், பெட்டியும் ஒன்று கூடுதலாகக் கொண்டுவருகிறார். பிஸினஸ் கிளாஸ் பக்கமே போகாத எனக்கும் அது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்கள் எத்தனை முறை பறக்கிறீர்கள் என்பது மட்டுமல்ல. டிக்கெட் எந்த வகைக் கட்டணத்தில் எடுக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் பறப்பதற்கு ஏர்லைன்ஸ் தன் உறுப்பினர் திட்டத்தில் தரும் புள்ளிகளைத்தான் மைல் என்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சேர்த்துவைத்து இலவச டிக்கெட் எடுக்கப் பயன்படுவது. இன்னொன்று, சில்வர், கோல்டு என்று உறுப்பினர் தரம் ஏறுவதற்கு மட்டும் எண்ணப்படுவது. ஹோட்டலில் தங்கியும், பாங்க் கார்டு புள்ளிகளை மாற்றியும் முதல் வகையை லட்சக்கணக்கில் சேர்க்கலாம். பெரும்பாலான திட்டங்களில் அதனால் தரம் ஒரு படிகூட ஏறாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2022 முதல் தன் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் தரத்துக்கு எண்ணுகிறது. அது விதிவிலக்கு.

உங்கள் வழித்தடத்துக்குப் பொருந்துவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம். அதில் 12 மாதத்துக்குள் 25,000 எலைட் மைல் (தரத்துக்கு எண்ணப்படும் அந்த இரண்டாவது வகை) சேர்ந்தால் சில்வர், 50,000 சேர்ந்தால் கோல்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல், போய்வர 3,600. எக்கானமியில் மலிவான லைட் கட்டணத்தில் போனால் பறந்த தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறும், அதாவது 1,800. ஸ்டாண்டர்ட் கட்டணத்தில் போனால் 3,600 முழுதாக ஏறும். அதே விமானம், அதே சாப்பாடு, அதே சீட். ஆனால் வெறும் சிங்கப்பூர் பயணத்தாலேயே கோல்டு எட்ட வேண்டுமானால் ஸ்டாண்டர்டில் 14 தடவை போதும், லைட்டில் 28 தடவை போய்வர வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் வழியாக சான் பிரான்சிஸ்கோ போய்வர ஏறத்தாழ 20,400 மைல். ஐந்து சிங்கப்பூர் பயணம் 18,000. எல்லாம் ஸ்டாண்டர்ட் என்றால் மொத்தம் 38,400. சில்வர் தாண்டி நிற்பீர்கள். எல்லாம் லைட் என்றால் 19,200, சில்வர்கூடக் கிடையாது. ஸ்டாண்டர்டிலேயே இரண்டு அமெரிக்கப் பயணமும் நான்கு சிங்கப்பூர் பயணமும் அமைந்தால் 55,200. கோல்டு கையில்.

ஆகவே கடைசியாகப் போய்வந்த டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கட்டண வகையின் பெயரும், புக்கிங் கிளாஸ் என்று ஓர் ஆங்கில எழுத்தும் அதில் இருக்கும். அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் மைல் என்பது அந்தந்தத் திட்டத்தின் தளத்தில் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். மீட்டிங் தேதி மாறும் என்பதால் பல கம்பெனிகள் மாற்றக்கூடிய டிக்கெட்டைத்தான் வாங்குகின்றன, அதில் மைல் தானாகவே கூடுதலாக வரும். உங்கள் டிராவல் டெஸ்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, மைல்களை ஒரே கணக்கில் குவிப்பது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, லுஃப்தான்ஸா, யுனைடெட் எல்லாம் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. லுஃப்தான்ஸாவில் ஃபிராங்க்ஃபர்ட் போனாலும் உங்கள் கிரிஸ்ஃபிளையர் எண்ணைக் கொடுக்கலாம். ஒரு பயணத்தை ஒரே ஒரு திட்டத்தில்தான் வரவு வைக்க முடியும். ஆளுக்கு நான்கு ஏர்லைன்ஸ் ஆப் இறக்கி, நான்கிலும் பத்தாயிரம் பத்தாயிரமாக வைத்திருக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரே இடத்தில் இருந்திருந்தால் அது ஒரு சில்வர் ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

சில்வர் வந்தால் என்ன லாபம் என்றால், எக்கானமி பயணிக்கு அதிகம் இல்லை. ஸ்டார் அலையன்ஸ் சில்வருக்குக் கூட்டணி முழுவதும் உத்தரவாதமாகக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்டில் முன்னுரிமை, அவ்வளவுதான். லவுஞ்ச் கிடையாது. உண்மையான பலன் கோல்டில்தான். எக்கானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச், அதே விமானத்தில் வரும் ஒருவரையும் கூட அழைத்துப் போகலாம். 20 கிலோ அல்லது ஒரு பெட்டி கூடுதல், செக்-இன் வரிசையில் முன்னுரிமை, இறங்கியதும் பெட்டியும் முன்னால் வரும். ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு ஏர்லைன்ஸ் கூட்டணியில் இதற்கு இணையான தரம் சஃபையர். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதன் சில்வருக்கு துபாய் லவுஞ்ச் உண்டு. ஆனால் அங்கே சேர்க்கும் தரத்தை சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ லுஃப்தான்ஸாவிலோ காட்ட முடியாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கோல்டுக்கு மேல் பி.பி.எஸ். கிளப் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு பிஸினஸ் கிளாஸிலும் அதற்கு மேலான வகுப்புகளிலும் செய்த செலவுதான் எண்ணப்படும். எக்கானமியில் எவ்வளவு பறந்தாலும் அந்தக் கதவு திறக்காது, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: மதுரை. என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான், சர்நேம் இடம் காலி. மைல் கணக்கை அப்பா பெயரோடு சேர்த்து ஆரம்பித்தேன். இரண்டு பயணத்துக்கு மைல் ஏறவே இல்லை.

பதில்: இனிஷியல் போட்டு எழுதும் நம் வழக்கத்தால் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. சர்நேம் காலியாக இருந்தால் சில ஏர்லைன்ஸ் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும், சில எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடும். டிக்கெட்டில் உள்ள பெயரும் மைல் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிடும்.

பாஸ்போர்ட் நகலை அனுப்பி முதலில் கணக்கில் உள்ள பெயரைத் திருத்துங்கள். அப்புறம் விடுபட்ட மைலைக் கோருங்கள். கிரிஸ்ஃபிளையரில் பயணத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் கோர வேண்டும்; மற்றத் திட்டங்களில் கெடு வேறு மாதிரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸும் டிக்கெட் எண்ணும் கேட்பார்கள். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடவே போடாதீர்கள். போனில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கினால் அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுவது நல்லது. மைலுக்காக மட்டும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து எத்தனையோ பேர் திண்டாடினார்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். வருடம் ஒரு முறை குடும்பத்தோடு பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னை. முன்பெல்லாம் கணவர் ஆபீஸ் பயணத்தையும் சேர்த்து சில்வர் வைத்திருந்தார். இப்போது எட்டவே முடியாது போலிருக்கிறதே? எங்கள் எல்லோருடைய பயணத்தையும் அவர் பெயரில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க முடியாது. தரத்துக்கான புள்ளி பயணம் செய்தவர் பெயரில்தான் ஏறும். சேர்த்துக்கொள்ளக்கூடியது ஏவியோஸ் மட்டும், அதாவது இலவச டிக்கெட் எடுக்கப் பயன்படும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் புள்ளி. ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தினர் ஹவுஸ்ஹோல்ட் கணக்கு திறந்தால் எல்லோருடைய ஏவியோஸும் ஒன்றாகச் செலவழிக்கக் கிடைக்கும்.

உங்கள் கணவருக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் 2025 ஏப்ரல் 1-இல் வந்த மாற்றம். அதுவரை தூரத்தையும் வகுப்பையும் வைத்துப் புள்ளி தந்தார்கள், சில்வருக்கு 600 போதும். இப்போது செலவழித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு புள்ளி, சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000. அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணமும் அந்தக் கணக்கில் வராது. ஒரு டிக்கெட்டில் 600 பவுண்டு எண்ணப்படுகிறது என்று வைத்தாலும் வருடத்துக்கு 13 டிக்கெட் அவர் பெயரிலேயே வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களில் 50 முறை பறந்தும் சில்வர் வாங்கலாம். ஐரோப்பாவுக்குள் வாரா வாரம் போய்வருபவருக்கு அது சரி.

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸும் 2024 முதல் தரத்தை முழுக்கப் பணத்தை வைத்தே கணக்கிடுகிறது. ஏர் இந்தியாவும் அதே ஆண்டு செலவுக்கேற்ற புள்ளிக்கு மாறியது. காசைப் பார்த்துப் பார்த்து டிக்கெட் எடுக்கும் குடும்பங்களுக்கு இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். வருடக்கணக்கில் ஒரே ஏர்லைன்ஸை நம்பிப் போனவர்களைத்தான் இது முதலில் அடிக்கிறது. அதனால் நீங்களும் அந்த ஏர்லைன்ஸுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை விலை, பெட்டி எடை, எங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் பார்த்து எடுங்கள். இருக்கும் ஏவியோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். 36 மாதத்துக்குள் ஒரு முறையாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ அது காலாவதி ஆகாது.

கேள்வி: திருச்சி. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எது மலிவோ அதில் வருடம் இரண்டு முறை போகிறோம். நாங்களும் ஏதாவது கார்டு சேர்க்கலாமா?

பதில்: உறுப்பினராகச் சேர்வது இலவசம், சேர்ந்துகொள்ளுங்கள். தரத்தை மறந்துவிடுங்கள். இந்த இரண்டு நிறுவனங்களும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. இரண்டு பயணத்தால் எந்தத் திட்டத்திலும் மேலே ஏற முடியாது. அதற்காகத் திருச்சியை விட்டுச் சென்னைக்குப் போய் விமானம் ஏறுவது வீண் அலைச்சல். மலிவான டிக்கெட், தேவையான எடையை புக்கிங் செய்யும்போதே வாங்கிவிடுவது, இதுதான் உங்களுக்கு லாபம். ஏர்போர்ட்டில் போய் எடை கட்டினால் கட்டணம் கூடுதல்.

கேள்வி: கோவை. கோல்டுக்கு 3,000 மைல் குறைகிறது, இரண்டு மாதம் பாக்கி. சும்மாவாவது ஒரு முறை சிங்கப்பூர் போய்வரலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். இந்த 12 மாதத்தில் மைல் ஏறாமல் விடுபட்ட பயணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கூட்டணியிலுள்ள வேறு ஏர்லைன்ஸில் போன பயணங்களில் விடுபடுவது சகஜம். அடுத்து, இந்த இரண்டு மாதத்தில் எப்படியும் போக வேண்டிய பயணம் இருந்தால் அதை லைட்டுக்குப் பதில் ஸ்டாண்டர்டில் எடுங்கள். சென்னை–சிங்கப்பூர் போய்வந்தாலே 1,800 மைல் கூடுதலாக ஏறும். வேலையே இல்லாமல் பறப்பதைவிட அந்தக் கட்டண வித்தியாசம் குறைவாகத்தான் வரும்.

இரண்டும் இல்லை, புதிதாக டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், வரும் வருடம் எத்தனை முறை பறக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். தரம் கிடைத்த பிறகு கையில் இருப்பது 12 மாதம்தான். மாதம் ஒரு வெளிநாட்டுப் பயணம் உறுதி என்றால் லவுஞ்சும் 20 கிலோவும் அந்த டிக்கெட் காசை மீட்டுத் தந்துவிடும். வருடத்தில் மூன்று நான்கு பயணம்தான் என்றால் அந்தப் பணத்துக்குக் கூடுதல் எடையும், தேவைப்படும் நாளில் லவுஞ்ச் நுழைவும் தனியாகவே வாங்கிக்கொள்ளலாம், மிச்சமும் இருக்கும். புராஜெக்ட் முடிந்து வெளிநாட்டுப் பயணமே நிற்கப் போகிறது என்றால் போகாதீர்கள்.