மாவோரி நாவலும் மாய யதார்த்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளைச் சேர்ந்த எழுத்தாளர் பட்ரீசியா கிரேஸின் ‘போட்டிகி’ (1986) நாவலைப் படித்தேன். இறந்துபோன சிறுவன் டோகோ தன் குலத்தின் கூட்ட மண்டபச் சுவரிலிருந்து பேசும் இடத்தில் சிலிர்த்துப்போனேன். நில வணிகர் டால்மனோடு நடக்கும் பேச்சுவார்த்தையைச் சலிப்பினால் தாண்டிவிட்டேன். இது கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் தாக்கத்தால் வந்த, மாயத்தை அன்றாட நடப்பாகவே சொல்லும் மாய யதார்த்தமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

யாரிடமிருந்து யாருக்குத் தாக்கம் வந்தது என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். நாவலைப் புரிந்துகொள்ள அது உதவாது. டோகோவுக்காக உங்கள் மனம் நெகிழ்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் டால்மன் வரும் பக்கங்களைத் தாண்டியதற்கு உங்களைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. சிலிர்ப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது வாசிப்பு ஆகாது.

மாவோரிகளுக்குக் கூட்ட மண்டபம் ஒரு மூதாதையின் உடல். முகட்டுவளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பின் இருபுறமும் சரிந்திறங்கும் பலகைகள் விரித்த கைகள். சுவரை ஒட்டி முன்னோர்கள் செதுக்குருவங்களாக நிற்கிறார்கள். துக்கத்துக்கு வருபவர்கள் இறந்தவரை நேரே விளித்துப் பேசுகிறார்கள். அத்தகைய வீட்டின் சுவரிலிருந்து டோகோ பேசுகிறான் என்றால், அவன் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டான் என்றுதான் பொருள். அதில் மாயம் எதுவும் இல்லை.

அந்த மக்களால் ஏற்க முடியாதது வேறு. கடற்கரையில் உல்லாச விடுதி கட்டுவதற்காக டால்மன் அவர்களுடைய நிலத்தை விலைக்குக் கேட்கிறான். அவர்கள் மறுத்த பிறகு நீரோட்டம் திருப்பப்பட்டுப் இடுகாடு வெள்ளத்தில் சிதைகிறது, மண்டபம் எரிகிறது, மீண்டும் கட்டிய மண்டபத்தின் வாசலில் டோகோ உயிரிழக்கிறான். இவையெல்லாம் வெறும் கற்பனையிலிருந்து வந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது நியூசிலாந்தின் ராக்லன் என்ற ஊரில் விமானத்தளத்துக்கென்று எடுக்கப்பட்ட மாவோரி நிலம், போர் முடிந்தும் திருப்பித் தரப்படாமல் கோல்ஃப் மைதானமாக்கப்பட்டது. 1978இல் மாவோரி நில உரிமைப் போராளி ஈவா ரிக்கார்டும் அவருடைய மக்களும் அங்கே போராடிக் கைதானார்கள். நாவலில் வரும் இன்னொரு மாவோரிக் குலமான தே ஓப்பே மக்களின் நிலப் போராட்டத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்காதவருக்கு டோகோ வெறும் ஆவியாகத்தான் தெரிவான். டால்மனின் பேச்சை மறுபடியும் நிதானமாகப் படியுங்கள்; முன்னேற்றம், வேலைவாய்ப்பு என்று இதமாகப் பேசிக்கொண்டே ஒரு குலத்தை அதன் இறந்தவர்களிடமிருந்து பிரிக்கப் பார்க்கும் குரல் அது.

அடுத்து கிரேஸின் ‘பேபி நோ-ஐஸ்’ (1998) படியுங்கள். விபத்தில் இறந்த குழந்தையின் கண்களை மருத்துவமனையில் எடுத்துவிடுகிறார்கள். பின்னால் பிறக்கும் தம்பி அந்த அக்காவோடு பேசி வளர்கிறான். கண்கள் எடுக்கப்பட்டதற்கு அடிப்படை ஓர் உண்மை நிகழ்ச்சி. இந்த முறை அக்காவைக் கண்டு சிலிர்ப்பதற்கு முன், மருத்துவமனையில் நடப்பதை ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.