வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளை மேக்ரோவில் (மிக நெருங்கி, பெரிதாக) படம் எடுக்க ஆசை. விலை கூடிய லென்ஸ் இல்லாமல் முடியுமா?

முடியும். என்னிடம் இன்றுவரை தனி மேக்ரோ லென்ஸ் கிடையாது. பழைய 50 மி.மீ. லென்ஸை முன்பின்னாகத் திருப்பி, ரிவர்ஸ் ரிங் (லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் வளையம்) போட்டு கேமராவில் மாட்டியிருக்கிறேன். பூச்சி ஏறக்குறைய அதன் உண்மையான அளவிலேயே, கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் சென்சாரில் விழும். அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) அளவை மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் திருப்பி மாட்டிய பிறகு அப்பெர்ச்சரை மாற்றுவது பெரும்பாடு.

ஆட்டோஃபோக்கஸ் வேலை செய்யாது. நாமே கேமராவோடு மெல்ல முன்னே பின்னே அசைந்து, பூச்சியின் கண் தெளியும் நொடியில் அழுத்த வேண்டும். அப்பெர்ச்சரைச் சிறிதாக்கி எஃப்/11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் தெளிவாக விழும். அப்புறம் ஃபிளாஷ். அதன் முன்னால் ட்ரேசிங் பேப்பர் கட்டிக்கொள்ளுங்கள், வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழாது.

எங்கள் கொய்யா மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. ஒரு நாள் எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கினால், ஓர் எறும்புக்கு மட்டும் எட்டுக் கால்! முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கிப் பிடித்திருந்தது. முகத்தில் கறுப்பு மணிபோல இரண்டு பெரிய கண்கள். முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி அது. முசுறு கடிக்குப் பயந்து மற்றவை நெருங்காது, அதனால்தான் இந்த வேஷம். மறுநாள் அதே கிளைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நிஜ முசுறு பக்கத்தில் வந்தாலே இந்தச் சிலந்தி விலகி ஓடுகிறது. கிளை கொஞ்சம் ஆடியதும் நூல் விட்டுக் கீழே தொங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் தேறியது இரண்டே படம், ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

நேரம் என்றால் விடியற்காலைதான். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை தட்டான்கள் பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்துப் படம் எடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதற்கு அது பெரிய வதை.

முதலில் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது எலுமிச்சை அழகி போன்ற அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். கிட்டப் போனதும் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டினால் அழகி வகைதான், சந்தேகமே வேண்டாம். கையை நகர்த்தாமல் உடனே படம் எடுத்துவிடுங்கள், கொம்பைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.